கை கழுவும் அறை வாசலில் இருபத்தாறு வருஷம்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு ஊருக்குக் கடிதம் போட்டதும், மளிகைச் சாமான் பட்டியல் எழுதியதும்தான் என் எழுத்து. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறொன்றுக்குப் போய்விடுவேன். பெயர்கள் மறந்துபோகின்றன. முகங்கள்கூட மங்கிவிட்டன, கைகள் மட்டும் நினைவிருக்கின்றன. இங்குள்ள தமிழ்ச் சங்கத்துக் கூட்டத்தில் வந்து பேசச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஆண்டு மலருக்கு எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் காரணம் பக்கத்து வீட்டுக் கோமதி. பெஹாலாவில் எங்கள் தெருவில் இருக்கும் மூன்று தமிழ்க் குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. நர்ஸ் படிப்புக்கு அவளுக்குச் சர்க்கார் உபகாரச் சம்பளம் கிடைத்திருக்கிறது. இப்போது ஸ்டைபெண்டு என்கிறார்கள். வந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"பெரியம்மா, இதைக் கேளுங்க. படிப்பு முடிஞ்சதும் மூணு வருஷம் அவங்க சொல்ற ஜில்லாவுல வேலை பார்க்கணுமாம். கல்கத்தாவை விட்டுட்டு யாரு போவா? படிக்கப்போறது நான், கை என் கை. இவங்களுக்கு என்ன?"

"அது உன் கை இல்லட்டி. ஜில்லாவோட கை" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை. இன்னொருவர் சொன்ன வார்த்தை, இத்தனை வருஷம் கழித்து என் வாயில் வந்துவிட்டது.

"யாரு சொன்னா அப்படி?" என்று பிடித்துக்கொண்டாள். சொன்னவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் கல்யாணமாகிக் கல்கத்தா வந்தபோது, குதிரை இழுத்த டிராம் போய் கரண்டு டிராம் வந்த புதிது. என் வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு சணல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். எங்களுக்கு முதல் குழந்தை வீட்டில் பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டது. நானும் காய்ச்சலில் கிடந்து பிழைத்தேன். இரண்டாவதற்கு அவர் யார் பேச்சையும் கேட்காமல் என்னைப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே வலிக்கு நடுவில், என்னைத் தொட வந்த ஆயாவைப் பார்த்து, "கையைக் கழுவிட்டு வா" என்று தமிழிலேயே கத்தினேனாம். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் கை ஜாடை புரிந்துவிட்டது. அவர்தான் மிஸ் பிஸ்வாஸ். வங்காளிக் கிறிஸ்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். வெள்ளைப் புடவை, காலில் கறுப்பு ஷூ, இடுப்பில் சாவிக்கொத்து. சாவிச் சத்தம் கேட்டாலே வராந்தாவில் பேச்சு நின்றுவிடும்.

என் பையனுக்கு இரண்டு வயதானபோது அவரே சொல்லியனுப்பினார். எழுந்து நின்று வரவேற்கவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. கேள்விதான்.

"படிக்கத் தெரியுமா?"

"தமிழ் மட்டும்தான், தீதி." தீதி என்றால் அக்கா, அவரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"மணி பார்க்க?"

"தெரியும்."

"கை கழுவ மாட்டேன்னு ஒருத்தி அழுதா என்ன பண்ணுவே?"

எனக்கு அப்போது வங்காளம் அரைகுறை. யோசித்து யோசித்துச் சொன்னேன்: "அழட்டும், தீதி. கழுவிட்டு அழட்டும்."

அவர் சிரித்து நான் பார்த்தது ரொம்பக் கொஞ்சம் தடவை. அது ஒன்று. மறுநாளிலிருந்து எனக்கு வேலை.

உபகாரச் சம்பளம் என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கல்கத்தாவில் டாக்டர் இருந்தார்கள், ஆஸ்பத்திரி இருந்தது. ஆறு தாண்டி, படகு மாறி, சேற்றில் நடந்து போகிற ஊர்களில் ஒருவரும் இல்லை. அங்கே பிரசவம் பார்ப்பவர்கள் மூங்கில் சீவலால் தொப்புள்கொடியை அறுத்தார்கள். அதனால் சர்க்கார் ஜில்லாவுக்கு ஒரு இடம் என்று வைத்தது. அந்த ஜில்லாவில் பிறந்து வளர்ந்த, வங்காளம் படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணை அனுப்ப வேண்டும். ஒரு வருஷம் அவள் இருக்க இடம், சாப்பாடு, கைச்செலவுக்கு உபகாரச் சம்பளம் எல்லாம் சர்க்கார் பொறுப்பு. படித்தபின் மூன்று வருஷம் தன் ஜில்லாவிலேயே பிரசவம் பார்க்க வேண்டும். வீட்டு ஆண்கள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். இவ்வளவுதான். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் இது பெரிய யோசனையாகத்தான் தோன்றுகிறது. டாக்டரை ஊருக்கு அனுப்ப முடியாது என்றால், ஊரிலிருந்தே ஒரு கையைக் கொண்டுவந்து பழக்கித் திருப்பி அனுப்புவது.

பெண்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் எனக்கு ஒரு வேலை உண்டு. காலையில் சந்தைக்குப் போய் நல்ல நீளக் கத்தரிக்காய் அரை வீசை வாங்கி வரவேண்டும். மிஸ் பிஸ்வாஸ் ஒரு காயைக் காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டுத் துணிப்பையில் போட்டுக் கட்டுவார். பெண் கண்ணை மூடிக்கொண்டு, பைக்கு வெளியே விரலால் தடவிப் பார்த்து, காம்பு இருந்த பக்கம் எது, நுனி எது என்று சொல்ல வேண்டும். அமுக்கினால் போச்சு. கையெழுத்து அழகாக இருந்த பெண்கள் எத்தனையோ பேர் அமுக்கிவிட்டுத் திரும்பிப் போனார்கள். "படிப்பை நான் சொல்லிக் குடுத்துடுவேன். விரலை யாரு சொல்லிக் குடுக்கிறது?" என்பார். அன்று ராத்திரி விடுதியில் கத்தரிக்காய் பொரியல். பொரியல் வந்தால் அன்றைக்குத் தேர்வு நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

என்னுடைய இடம், வார்டுக்கு முன்னால் இருந்த கை கழுவும் அறையின் வாசல். உள்ளே ஒரு தாமிர அண்டாவில் வெந்நீர், நார் பிரஷ், சிவப்புச் சோப்பு, பீங்கான் தொட்டியில் லோஷன், பக்கத்தில் ஒரு மணல் கடிகாரம். சுவரில் ஆணி வரிசை. பெண்கள் கழற்றும் நகைகளை ஒவ்வொருத்திக்கும் ஒரு துணிமுடிச்சில் கட்டி ஆணியில் மாட்டி, பெயரைத் தமிழில் எழுதி ஒட்டுவேன். "மாத்ராஜி மாஷி என் பேரை எறும்பு ஊர்ற மாதிரி எழுதியிருக்கா பாரு" என்று சிரிப்பார்கள். மாத்ராஜி என்றால் மதராஸ்காரி, மாஷி என்றால் சித்தி. எனக்கு அங்கே அதுதான் பெயர்.

வாசலுக்கு மேலே மிஸ் பிஸ்வாஸ் தன் கையால் வங்காளத்தில் எழுதிய நோட்டீஸ் இருந்தது. எனக்கு வங்காளம் பேச வந்ததே தவிர எழுத்து வரவில்லை. அவர் வாயால் சொல்லி நான் மனப்பாடம் செய்தேன். நகத்தை வெட்டு. ஆபரணத்தைக் கழற்று. முழங்கை வரை மூன்று மணல் கழுவு. மூன்று மணல் என்றால் கடிகாரத்தை மூன்று தடவை கவிழ்ப்பது. மூன்றும் முடிந்தபின் பெண் கையை மேலே தூக்கிக்கொண்டு நிற்பாள். மிஸ் பிஸ்வாஸ் வந்து விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் திட்ட மாட்டார். "ஆபார்" என்று ஒரு வார்த்தை. மறுபடியும் என்று அர்த்தம். எங்கே அழுக்கு என்று சொல்லவும் மாட்டார். முதலிலிருந்து மூன்று மணல். ஒரு பெண்ணுக்கு ஒரே நாளில் ஐந்து ஆபார் விழுந்து அவள் கை வெந்த கிழங்குபோல் ஆனது. பெரிய டாக்டர் துரை ஒருவர் அவசரமாக உள்ளே போகப் பார்த்தபோதும் அதே "ஆபார்"தான். துரைக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் கழுவினார். நான் மணலைக் கவிழ்த்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு தைரியத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

இனி நிஸ்தாரிணி விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. அதுவரை உபகாரச் சம்பளத்தில் வந்தவர்கள் எல்லாம் விதவைகள், இல்லாவிட்டால் கல்யாணமாகாத கிறிஸ்தவப் பெண்கள். விதவைகளுக்குக் கையில் ஒன்றும் இருக்காது. மற்றவர்கள் கண்ணாடி வளையலைச் சிரித்துக்கொண்டே கழற்றித் தருவார்கள். கட்டின புருஷன் உயிரோடு இருக்கிற இந்துப் பெண்ணை எந்த வீட்டிலும் அனுப்ப மாட்டார்கள். அந்தச் சித்திரை மாதம் முதல்முதலாக ஒருத்தி வந்தாள். தெற்கே, உப்புத்தண்ணீர் ஆறுகள் ஓடுகிற ஜில்லா. மாமனார் பாடசாலைப் பண்டிதர். புருஷன் நதி ஸ்டீமரில் டிக்கெட் குமாஸ்தா. கத்தரிக்காய்ப் பையை அவள் தொட்டதைப் பார்த்து மிஸ் பிஸ்வாஸ் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, "இன்னொரு தடவை தொடு" என்றார். பூனைக்குட்டியைத் தொடுவதுபோல் தொட்டாள்.

முதல் நாள் என் வாசலுக்கு வந்தபோது, இரண்டு கையிலும் சங்கு வளையல், இடது கையில் ஒரு இரும்பு வளையமும். நான் கை நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

"இதைக் கழற்றக் கூடாது மாஷி. விட்டுடு."

"எல்லாரும் கழற்றுறாங்க. நோட்டீஸ் இருக்கு பாரு. நீ படிப்பேல்ல?"

"இது ஆபரணம் இல்ல மாஷி."

எனக்கு அது பிடிவாதமாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் தாலி கழுத்தில் இருக்கிறது. கையில் இருப்பது வளையல். தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை, ஒரு சங்கும் இரும்புத் துண்டும்; இதற்கு என்ன இவ்வளவு என்று நினைத்தேன். உள்ளே சாவிச் சத்தம் கேட்டது. ஆபார் எனக்கே விழுந்துவிடுமோ என்று பயம். அவள் வலது கையைப் பிடித்து, சோப்பைக் குழைத்துத் தடவி, வளையலை இழுத்தேன். இழுப்பு பலமாகிவிட்டது. விரல்முட்டியில் சிக்கிய சங்கு டக்கென்று இரண்டாக உடைந்து, ஒரு துண்டு தரையில் விழுந்து தண்ணீரில் ஓடியது.

அவள் ஈரத்தரையிலேயே உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் அந்தக் கையை மூடிக்கொண்டாள். வெறும் கையை யாரும் பார்க்கக் கூடாது என்பதுபோல. மற்றப் பெண்கள் ஓடிவந்தார்கள்.

"ஓ மா! என்ன காரியம் பண்ணிட்டே மாஷி? அவ புருஷன் ஆத்துல இருக்கான். தினம் சாயங்காலம் புயல் அடிக்கிற மாசம்!"

அப்போதும் எனக்கு முழுதாகப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து சாதம் போடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பிசைந்த கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"ஏட்டி, ஒருத்தி கத்திரிக்கோலை எடுத்து உன் தாலியை நறுக்குனா நீ சும்மா இருப்பியா?"

"தாலிக்கும் வளையலுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"இங்க அதுதான் தாலி. சங்கு உடைஞ்சா புருஷனுக்கு ஆகாதும்பாவ. பத்து வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், உனக்கு ஒரு வார்த்தை சொல்லாமப் போனேனே. என் தப்பு."

அவர் மேல் தப்பு இல்லை. எனக்குக் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் நிஸ்தாரிணி தகரப்பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள் என்று சொன்னார்கள். வந்து கூட்டிப்போகச் சொல்லி மாமனாருக்குக் கடிதமும் எழுதிவிட்டாள், தபாலில்தான் போடவில்லை. மிஸ் பிஸ்வாஸ் என்னைக் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே போனேன். அவர் ஒரு வசவும் சொல்லவில்லை. நோயாளியிடம் கேட்பதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தக் கை? முதலில் அவள் என்ன சொன்னாள்? எத்தனை தடவை இழுத்தே? சோப்பு எவ்வளவு? எல்லாம் சொன்னேன். "இது ஆபரணம் இல்லை" என்று அவள் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன்.

"பாதித் தப்பு உன்னுது. ஆபரணம்னு எழுதி மாட்டினது நான். எங்க அம்மா கையிலயும் அது இல்ல, என் கையிலயும் இல்ல. எனக்குத் தோணவே இல்ல" என்றார்.

"அவளை மட்டும் வளையலோடயே விட்டுடலாமா தீதி?" என்று கேட்டேன்.

"உன் முதல் குழந்தை எப்படிப் போச்சு?"

"மூணாம் நாள் போச்சு தீதி. எனக்கும் காய்ச்சல்" என்றேன்.

"வளையலுக்கு அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. கட்டில்ல கிடக்கிறவளுக்குத்தான் மூணாம் நாள் தெரியும். அதனால விட முடியாது. அவளைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆனா அது அவ கை மட்டும் இல்ல. அது ஒரு ஜில்லாவோட கை. அது திரும்பிப் போச்சுன்னா, தகுந்த பெண் இல்லைன்னு ரிப்போர்ட் போகும். அந்த இடத்தை வேற ஜில்லாவுக்குக் குடுத்துடுவாங்க."

மாதக் கடைசிக்குள் வார்டில் கால் வைக்காதவள் பெயரை எடுத்துவிடுவார்கள் என்பது விதி. இருபது நாள் இருந்தது. மிஸ் பிஸ்வாஸ் சம்மதக் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். புருஷன் கையெழுத்து இருந்தது, மாமனார் கையெழுத்து இருந்தது. என்னைப் பார்த்து, "மருமக கையில அந்த இரும்பை முதல்ல போடறது யாருன்னு போய்க் கேட்டுட்டு வா" என்றார். கேட்டேன். மாமியார் என்றாள் நிஸ்தாரிணி. "அவளைத்தான் நாம யாரும் கேக்கலை" என்று சொல்லி அன்றைக்கே மாமியாருக்குக் கடிதம் எழுதினார். பண்டிதருக்கு இல்லை. பண்டிதர் படித்துக் காட்டட்டும், பதில் அந்த அம்மாள் சொல்லட்டும் என்றார்.

நான் என் பங்குக்குக் காளிகாட்டில் சங்குக் கடைக்குப் போய், கடைக்காரர் மனைவியைக் கையோடு கூட்டிவந்து நிஸ்தாரிணிக்குப் புது வளையல் போடச் செய்தேன். போடும்வரை அவள் என்னைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ரவிக்கைக்குள்ளிருந்து என் தாலிக்கயிற்றை எடுத்துக் காட்டினேன். மஞ்சள் கயிறு, அதில் ஒரு குண்டுமணி அளவு தங்கம்.

"எங்க ஊர்ல இதுதான். உன் கையில இருக்கிறது இதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டேன்."

அவள் மெல்லத் தொட்டுப் பார்த்தாள். அதே பூனைக்குட்டித் தொடல். "கழுத்துலயா? அப்போ கை வெறுமையா இருந்தா உங்க ஊர்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"கையை யாரு பார்க்கிறா? கழுத்தைத்தான் பார்ப்பாங்க."

"குளிக்கிறப்போ?"

"கழற்றவே மாட்டோம்."

அவள் கயிற்றை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. சொல்லலாமா என்று தயங்கி, தயங்கி, "இரும்பும் இப்படிக் கயித்துல தொங்கலாமே" என்றேன். "அதை நான் சொல்ல முடியாது மாஷி. நீயும் சொல்ல முடியாது" என்று கயிற்றை விட்டுவிட்டாள். ஆனால் தபாலுக்கு வைத்திருந்த கடிதத்தைப் போடாமல் பெட்டியில் வைத்துவிட்டாள். பாடத்துக்கு வந்து உட்கார்ந்தாள், வார்டுக்கு மட்டும் வரவில்லை.

பதினாறாம் நாள், பதில் தபாலில் வரவில்லை. மாமியாரே வந்துவிட்டார். படகு, ஸ்டீமர், ரயில் எல்லாம் ஏறி, துணைக்கு ஒரு கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு. குட்டையான அம்மாள், வாய் நிறைய வெற்றிலை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு முதல் கேள்வியே, "உடைச்சவ யாரு?"

நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். பெண்கள் என்னை முன்னால் தள்ளினார்கள்.

"இவளா? ஓ மா, நான் மல்யுத்தக்காரின்னு நினைச்சேன். கரண்டிக் காம்பு மாதிரி ஒல்லியா இருக்கா! சாப்பாட்டுல புளி ஜாஸ்தியோ, கைக்கு இத்தனை பலம்?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

"எங்க, உன் கழுத்துல இருக்கிறதைக் காட்டு. பௌமா எழுதியிருந்தா." பௌமா என்றால் மருமகள். நிஸ்தாரிணி தன் மாமியாருக்குத் தனியாக எழுதியிருக்கிறாள். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அந்த அம்மாள் என் தாலியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மஞ்சள். நல்லது. சரி, டாக்டர் எங்கே?"

மிஸ் பிஸ்வாஸ் வந்தார். அந்த அம்மாளுக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டு, தான் நின்றுகொண்டே பேசினார். எதற்கு வளையல் கூடாது என்று கத்தரிக்காயைத் தொடுவதுபோல் நிதானமாகச் சொன்னார். அந்த அம்மாள் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"எனக்கு ஒரு பொண்ணு இருந்தா. ஸ்டீமர்ல இருக்கிற என் பையனுக்கு அக்கா. தாய் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்தவளை நான் புருஷன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பலை, ஆத்தங்கரைச் சுடுகாட்டுக்குத்தான் அனுப்பினேன். பார்த்தவ நல்லவதான், எனக்கே பிரசவம் பார்த்தவ. அவ கையிலயும் ஒரு முழம் வளையல் இருந்தது. நான் அன்னைக்கு வளையலை எங்க பார்த்தேன்." மருமகளைக் காட்டினார். "இந்தப் பொண்ணை அனுப்பணும்னு சொன்னது பண்டிதர் இல்ல. நான். ஸ்டீமர்க்காரன் என் பேச்சைத் தட்ட மாட்டான்."

பிறகு நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என்னைப் போய் ஒரு மஞ்சள் கயிறு கொண்டுவரச் சொன்னார். என் பெட்டியில் மாற்றுக் கயிறு எப்போதும் இருக்கும். கொடுத்தேன். மருமகள் கையிலிருந்து இரும்பு வளையத்தைத் தன் கையாலேயே மெல்ல அகட்டிக் கழற்றினார். கழற்றும்போது அந்த மணிக்கட்டைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டார், ஒரு நொடிகூட வெறுமையாக விடவில்லை. கயிற்றில் கோத்து நிஸ்தாரிணி கழுத்தில் கட்டினார்.

"நான் போட்ட இரும்பு. நான் இடம் மாத்தினா மாத்தினதுதான். வேலை முடிஞ்சு வெளியில வந்தா திரும்பக் கைக்கு வந்துடணும். சங்கை ஒரு சுத்து பெருசா வாங்கிப் போட்டுக்கோ, கழற்றினா நோகாம வரும். கழற்றி யார்கிட்ட குடுப்பே?"

நிஸ்தாரிணி என்னைக் காட்டினாள்.

"இவகிட்டயா! சரி. ஒரு தடவை உடைச்சவ மறுபடி உடைக்க மாட்டா" என்றார் அந்த அம்மாள்.

மறுநாள் நிஸ்தாரிணி என் வாசலில் வந்து நின்றாள். சங்கு இரண்டையும் அவளே கழற்றிக் கொடுத்தாள். நான் பஞ்சில் சுற்றி முடிந்தேன். மூன்று மணல் கழுவினாள். மிஸ் பிஸ்வாஸ் வந்து பார்த்தார். "ஆபார்" என்றார். எந்தச் சலுகையும் இல்லை. இரண்டாவது தடவையும் "ஆபார்". மூன்றாவது தடவை ஒன்றும் சொல்லாமல் வழி விட்டார்.

அன்று மத்தியானம் ஒரு கேஸ் வந்தது. உல்டாடாங்கா பக்கத்து வண்டிக்காரன் மனைவி, முதல் பிரசவம். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது. பெரிய நர்ஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தலை கீழே இருக்கிறது, எல்லாம் சரி என்றார். மிஸ் பிஸ்வாஸ் புதுப் பெண்களையும் ஒவ்வொருத்தியாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நிஸ்தாரிணி தொட்டாள். கையை எடுக்காமல் மறுபடியும் தொட்டாள்.

"என்ன?"

"தீதி..."

"சொல்லு."

"காம்புப் பக்கம் மேலே இல்ல தீதி. கீழே இருக்கு."

பெரிய நர்ஸ், "காம்பாம்! இவ என்ன, சந்தைக்கு வந்திருக்காளா?" என்றார். அந்தக் கத்தரிக்காயில் எப்போதும் காம்பு இருந்த பக்கத்தைக் கால் என்று வைத்துத்தான் மிஸ் பிஸ்வாஸ் பாடம் சொல்வார். அவர் தானே கை வைத்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு, "கால்தான் கீழே. நிஸ்தாரிணி இங்கயே நில்லு. மாஷி, வெந்நீர். எனக்கு இன்னொரு மூணு மணல்" என்று வெளியே வந்து, தானே முதலிலிருந்து கழுவினார். நான் மணலைக் கவிழ்த்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை, காலால் வந்தது. அழ நேரமாயிற்று, ஆனால் அழுதது. தாயும் பிழைத்தாள். மூன்றாம் நாள் காய்ச்சல் இருக்கிறதா என்று நானே போய் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். இல்லை.

நிஸ்தாரிணி வெளியே வந்ததும் முதல் காரியமாக என் முன்னால் இரண்டு கையையும் நீட்டினாள். சங்கு, சங்கு, இரும்பு. நான்தான் போட்டுவிட்டேன்.

வருஷக் கடைசியில் அவளைக் கூட்டிப்போக ஸ்டீமர்க்காரர் வந்தார். நல்ல உயரம், கட்டை மீசை, ஒரு கீறல் இல்லை. "என் ஆயுசை உடைச்ச மாஷி நீங்கதானா?" என்று கேட்டு என் காலைத் தொட்டார். எனக்கு வெட்கத்தில் எங்கே ஒளிவது என்று தெரியவில்லை.

அவள் மூன்று வருஷத்துக்குப் போனவள். பிறகு திரும்பவே இல்லை, அங்கேயே பிரசவம் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாள். அந்த ஜில்லாவுக்கு வருஷா வருஷம் இடம் கிடைத்தது. அவள் போன மாதமே மிஸ் பிஸ்வாஸ் ஏணி போடச் சொல்லி நோட்டீஸில் நாலாவதாக ஒரு வரி எழுதினார். எழுதிவிட்டு இறங்கி எனக்குச் சொன்னார்: "இரும்பைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம்." அதற்குப் பிறகு கல்யாணமான பெண்களும் வர ஆரம்பித்தார்கள். எத்தனை பேர் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. ஆணி போதாமல் இரண்டாவது வரிசை அடித்தோம்.

ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். நான் வேலையை விடுவதற்கு ஒரு வருஷம் முன்னால் அந்த ஜில்லாவிலிருந்து ஒரு கிறிஸ்தவப் பெண் வந்தாள். கல்யாணமாகாதவள். கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு, அதில் ஒன்றுமே இல்லை. "இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாது மாஷி. எங்க ஊர்ல பிரசவம் பார்க்கிற தாய்மா கட்டிவிட்டாங்க. உபகாரச் சம்பளத்துக்குப் போறவங்க எல்லாரும் கட்டிக்கணுமாம். கட்டினா கை சுத்தமா இருக்குமாம்."

நான் மணலைக் கவிழ்த்தேன்.

இதில் பிசகு நிறைய இருக்கும். இரும்பு இடது கை என்று எழுதியிருக்கிறேன். சரிதானா என்று வங்காளிப் பெண்கள் யாரையாவது கேட்டுத் திருத்துங்கள். பதினாறாம் நாளா, பதினேழா என்பதும் நிச்சயமில்லை. எல்லாவற்றையும்விட ஒன்று. கோமதி, உனக்கு வங்காளம் நன்றாகப் படிக்க வரும். அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் போனால், கை கழுவும் அறை வாசலுக்கு மேலே நோட்டீஸ் இன்னும் இருக்கிறதா பார். இருபத்தாறு வருஷம் அதன் அடியில் நின்றேன், ஒரு எழுத்துப் படித்ததில்லை. அந்த நாலாவது வரியில் நான் பெண்களுக்குச் சொன்னதேதான் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து, எனக்கு வந்து சொல்.